அத்தியாயம் 7: தெருவில் நிற்கும் வண்டியும் வெளியே பார்த்த சுவரும்

சென்ற அத்தியாயத்தில் பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் கிராதி முதலியவற்றைப் பற்றி விஸ்தாரமாகப் பேசினோம். அவை யாவும் வீட்டுக்குள் நுழைய விரும்புகிறவனைத் தடுப்பதற்காக ஏற்பட்ட சாதனங்கள். இந்த அத்தியாயத்தில் நாம் கவனிக்கப்போகிற பேர்வழிக்கோ உள்ளே வரவேண்டும் என்ற ஆசையே கிடையாது. நடுநிசியில் தெருவோடு போகிறபோது, கையிலுள்ள சாவியால் காரின் பக்கவாட்டில் முன்னிருந்து பின்வரை ஒரு கோடு இழுத்து, பக்கக் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டி, மோட்டார் சைக்கிளின் சீட்டைப் பிளேடால் கீறி, டயரின் வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கி, போகிற போக்கில் வாசல் விளக்கின்மேல் ஒரு கல்லையும் விட்டெறிந்துவிட்டு நடந்துவிடுகிற அந்த மனிதனுக்கு, நம்முடைய கதவிலே தொங்குவது ஏழு லீவர் பூட்டா எட்டு லீவர் பூட்டா என்பது பற்றி என்ன கவலை? திருடன் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போகிறான்; இவனோ தன் கோபத்தையோ கொழுப்பையோ நம் வாசலில் வைத்துவிட்டுப் போகிறான். ஆகையால் பகலில் அந்தக் கோபத்துக்கு இடம் கொடாமலும், இரவில் அந்தக் கொழுப்புக்கு இருட்டுக் கொடாமலும் இருப்பதே இவ்விஷயத்தில் நாம் செய்யக்கூடிய பிரதானமான காரியம் என்பது என் அபிப்பிராயம்.

விழுப்புரத்தில் திரு.வி.க. வீதியையும் கே.கே. சாலையையும் ஒட்டிய குறுந்தெருக்களிலும், திண்டிவனத்தில் கிடங்கல் பக்கத்துப் பழைய தெருக்களிலும் வீடு கட்டியவர்கள் மாட்டு வண்டியை மனத்தில் கொண்டு கட்டினார்களே தவிர, மோட்டார் வண்டியைக் கனவிலும் கண்டவர்களல்லர். ஆதலால் அங்கே கார் தெருவில்தான் நிற்கவேண்டும். நின்றால் எதிர்வீட்டாருக்கு இடைஞ்சலாகத்தான் நிற்கும். சாலாமேடு, வழுதரெட்டி முதலிய இடங்களில் மனைகளாகப் பிரிந்து புதிதாக முளைத்த நகர்களிலோ தெரு அகலம், வண்டிக்கு வாசலிலே இடமும் உண்டு. ஆனால் இரண்டு வீட்டுக்கு நடுவே மூன்று காலி மனையும் கருவேலம் புதரும் இருப்பதால், என்ன நடந்தாலும் பார்க்க ஓர் ஆள் இல்லை. முன்னதில் நோய் சண்டை. பின்னதில் நோய் சூனியம். புதுச்சேரிச் சாலையும் செஞ்சிச் சாலையும் மரக்காணம் சாலையும் பிரிந்து போகிற திண்டிவனத்துக்கு மூன்றாவதாக ஒரு நோயும் உண்டு. புதுச்சேரியிலிருந்து திரும்புகிற சனி ஞாயிறு உற்சாகிகளுக்கு எந்த ஊர், எந்தத் தெரு, யாருடைய கண்ணாடி என்ற பேதமெல்லாம் கிடையாது.

சேதத்தைக் கண்டவுடன் யார்மேலாவது சந்தேகம் விழுவது மனித சுபாவம். அதற்கு முன்பாகக் கால் மணி நேரம் வண்டியின் அருகில் குந்தி உற்றுப் பார்த்துவிடுவது நல்லது. சாவியாலோ காசாலோ இழுத்த கோடு கை தொங்குகிற உயரத்தில், நீளமாக, இடையிடையே அழுத்தம் மாறி ஓடும். பளபளக்கும் கதவில் தன் பிம்பத்தையே வேற்று நாய் என்று எண்ணிப் பிறாண்டிய தெருநாயின் நகக்குறிகளோ குட்டையாக, ஒன்றுக்கொன்று இணையாக, முழங்கால் உயரத்துக்குள் இருக்கும். பிளேடு பட்ட சீட்டில் வெட்டு நேராக இருக்கும். நாய் கடித்ததில் பிசிறும், சுற்றிலும் பஞ்சுத் துணுக்கும் கிடக்கும். அறுந்த ஒயரைக் கண்டு கூவுவதற்கு முன்னால், எலி கடித்ததா என்று பானட்டைத் திறந்து பார்க்கவேண்டும். எங்கள் தெருவில் ஒருவருடைய காரில் ஒரே இடத்தில் மூன்று முறை கீறல் விழுந்தது. அவர் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனைச் சந்தேகித்து, அவன் தகப்பனாரோடு ஆறு மாதம் பேச்சை நிறுத்தி, கடைசியில் பணம் செலவழித்துக் காமிரா வைத்துப் பார்த்தால், குற்றவாளி அவருடைய சொந்த வாசல் கேட்! காற்றடிக்கும் இரவுகளில் அது வெளிப்பக்கமாகத் திறந்துகொண்டு, அதன் தாழ்ப்பாள் கதவிலே ஒரு வில் வரைந்திருக்கிறது. காமிராவுக்குச் செலவான தொகை போயிற்று. தகப்பனாரோடு பேச்சு வந்ததா என்றால், இன்னும் வரவில்லை.

மனிதன் செய்ததுதான் என்று தெளிவாகிவிட்டால், அடுத்த கேள்வி ஏன் என்பது. என் அனுபவத்தில், ஒரே வண்டிக்கு அல்லது ஒரே வீட்டுக்கு மறுபடி மறுபடி நேர்கிற சேதத்தின் பின்னால் பெரும்பாலும் தீராத ஒரு சில்லறைத் தகராறு இருக்கிறது. அதிலும் வண்டி நிறுத்தும் தகராறே முதன்மையானது. விடியற்காலை நாலரை மணிக்குப் பால் வண்டியைத் தெருவுக்குள் கொண்டுவரவேண்டியவர், "அண்ணே, கொஞ்சம் முன்னாடி தள்ளி நிறுத்துங்களேன்" என்று ஒருமுறை சொல்லிப் பார்ப்பார்; இருமுறை சொல்லிப் பார்ப்பார்; மூன்றாம் முறை சொல்லமாட்டார். அந்த மூன்றாவது மௌனத்துக்குப் பிறகுதான் வைப்பர் வளைகிறது. ஆகையால் தெருவில் வண்டி நிறுத்துகிற ஒவ்வொருவரும் முன்கண்ணாடியின் உட்புறத்தில், 'வண்டி இடைஞ்சலாக இருந்தால் எந்த நேரமும் கூப்பிடுங்கள்' என்று எழுதித் தொலைபேசி எண்ணோடு ஒரு சீட்டு வைத்திருக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். பூட்டுக் கம்பெனிகள் விற்கிற எந்தச் சாதனத்தையும்விட இந்தக் காகிதத்துண்டு காத்த கார்கள் அதிகம் என்பது என் நம்பிக்கை. எண்ணை வெளியிடத் தயங்குகிற பெண்கள், தெருமுனைக் கடைக்காரரின் சம்மதத்தோடு அவர் எண்ணை எழுதலாம். கூப்பிட்டால் எழுந்து போகவும் வேண்டும். நள்ளிரவில் அழைப்பை எடுக்காதவர் இந்தச் சீட்டை வைக்காமலிருப்பதே உத்தமம், ஏனெனில் அது கோபத்தை இரட்டிப்பாக்கும்.

கிரிக்கெட் பந்து உடைத்த கண்ணாடிக்கும் கல்லெறிந்து உடைத்த கண்ணாடிக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிந்திருக்கவேண்டும். பந்தைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் பெரியவர்களின் வீட்டு மணிதான் அடிக்கடி உடைகிறது. பையன்களைத் தண்டிக்கப் புறப்படுவதைக் காட்டிலும், காலி மனை ஒன்றின் உடையவரிடம் பேசி முள்ளை வெட்டி விளையாட இடம் செய்து கொடுப்பது மலிவான மார்க்கம். அந்த மனையில் மாலை முழுவதும் ஆள் நடமாட்டம் உண்டாகிறது என்பது அதன் உபரி லாபம்.

நடமாட்டம் என்றதும் பழைய விஷயங்கள் நினைவுக்கு வருகின்றன. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஒரு வரியைக் காண்கிறோம். ஊரைக் காப்பதற்காக ஊரார் கொடுத்தது. பிற்காலத்துக் காவல் முறையிலே, காவல்காரன் களவுபோன பொருளைக் கண்டுபிடித்துத் தரவேண்டும், இல்லையேல் அதற்கு ஈடு கட்டவேண்டும் என்ற கடுமையான நிபந்தனையும் இருந்தது. அதற்கு வெகுகாலம் முந்தி, இன்றைய திண்டிவனத்துக் கிடங்கலை ஆண்ட ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைச் சிறுபாணாற்றுப்படை, இரவலருக்கு அடைக்காத வாயிலை உடையவனாகக் காட்டுகிறது. நாம் அந்த ஊரில்தான் எட்டடிக் கேட்டைப் போட்டு, அதன்மேல் வேல்முனையும் பதித்துக்கொண்டிருக்கிறோம். திண்ணையில் படுத்திருந்த தாத்தாவை உள்ளே அனுப்பிவிட்டுத் திண்ணையை இடித்துக் கிரில் போட்ட அன்றைக்கே தெரு பாதிக் கண்ணை இழந்துவிட்டது. மாதச் சந்தா வாங்கிக்கொண்டு நள்ளிரவில் விசில் ஊதிக் கம்பத்தைத் தட்டிப் போகிற கூர்க்காவும் அநேக தெருக்களில் இப்போது வருவதில்லை. மிச்சமிருக்கும் கண்கள் எவை என்று பார்த்தால், வேப்ப மரத்தடி இஸ்திரி வண்டிக்காரர், முனை டீக்கடை, பூக்கார அம்மாள், பேப்பர் போடும் தம்பி ஆகியோர்தாம். 'நடைபாதையை அடைக்கிறார்' என்று புகார் எழுதி அந்த இஸ்திரிக்காரரைத் துரத்துகிற குடியிருப்போர் சங்கங்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதுண்டு. சம்பளமில்லாத காவல்காரரைத் துரத்திவிட்டுச் சம்பளம் கொடுத்து வாட்ச்மேன் தேடுகிறார்கள்.

பராமரிப்பின் மகிமையைப் பற்றி அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. 1969இல் பிலிப் ஜிம்பார்டோ என்ற உளவியல் பேராசிரியர், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு காரையும், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ என்ற வசதியான ஊரில் ஒரு காரையும், நம்பர் பிளேட்டைக் கழற்றி அநாதையாக நிறுத்தினார். பிராங்ஸில் பத்து நிமிஷத்துக்குள் கைவைத்தார்கள். முதலில் வந்தவர்கள் தாய், தகப்பன், சிறுவன் அடங்கிய ஒரு குடும்பம் என்பதும், அவர்கள் ரேடியேட்டரையும் பேட்டரியையும் எடுத்துப் போனார்கள் என்பதும் வேடிக்கை. பாலோ ஆல்டோவில் ஒரு வாரத்துக்கு மேல் ஒருவரும் தொடவில்லை. பேராசிரியரே சம்மட்டியால் ஓர் அடி அடித்த பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இதிலிருந்து பெரிய சித்தாந்தங்களை எழுப்பினவர்களும் உண்டு, அவற்றை மறுத்தவர்களும் உண்டு. நமக்கு அந்த வாதம் வேண்டாம். தூசு படிந்து, ஒரு சக்கரம் இறங்கி, கண்ணாடியில் விரலால் எழுதிய எழுத்தோடு நிற்கிற வண்டிதான் அடுத்த கல்லையும் வாங்குகிறது என்பதை நம் தெருவிலேயே காணலாம். காவல் நிலைய வாசலில் மக்கிக் கிடக்கும் பறிமுதல் வண்டிகளே சாட்சி. உடைந்த விளக்கை அந்த வாரத்துக்குள் மாற்றுங்கள். வெளியூர் போவதானால், வாரம் ஒருமுறை வண்டியைத் துடைக்கவும், தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடவும் அடுத்த வீட்டம்மாளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நம்மூரில் பூட்டிய வீட்டை ஊருக்கு அறிவிப்பது பூட்டல்ல, கோலமில்லாத வாசலே. தெருவிளக்கு எரியவில்லையென்றால் கம்பத்து எண்ணைக் குறித்துக்கொண்டு நகராட்சியில் எழுத்து மூலம் புகார் கொடுக்கவேண்டும். அது வரும்வரை நம் வாசல் விளக்கையாவது விடியும்வரை எரியவிடலாம். டாஸ்மாக் கடை மூடுகிற பத்து மணிக்குப் பிறகும், மேல்மலையனூர் அமாவாசை இரவுகளிலும், புத்தாண்டு இரவிலும் இது அவசியம்.

சுவரின் கதை தனிக்கதை. போஸ்டர் ஒட்டுவதும் சின்னம் எழுதுவதும் சேதமென்றே நம்மில் பலர் நினைப்பதில்லை. தேர்தலுக்கு ஒரு வருஷம் முந்தியே 'இந்தச் சுவர் ஒதுக்கப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போகிறவர்களும் நினைப்பதில்லை. ஆனால் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் ஒரு சட்டம் உண்டாயிற்று. சட்டம் ஒருபுறமிருக்க, கையாளத்தக்க உபாயங்கள் சில உண்டு. வழவழப்பான பூச்சுக்குப் பதில் சுவரின் வெளிப்புறத்தைச் சொரசொரப்பாகப் பூசினால் பசை பிடிக்காது. காகிதப் பூச்செடியைப் படரவிட்டால் எழுதவும் இடமில்லை, ஏறவும் வழியில்லை. விலையுயர்ந்த பெயிண்டைவிடச் சுண்ணாம்பு சிறந்தது. எழுதினவன் பார்த்து மகிழ்வதற்குள் ஒரே காலையில் அடித்துவிடலாம். அடிச்சுவரில் சாமி படம் போட்ட டைல்ஸ் பதிக்கும் வழக்கத்தை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தெய்வத்தை வாட்ச்மேன் வேலைக்கு வைப்பது போலத் தோன்றுகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நம் செஞ்சிக் கோட்டையின் சுவரிலேயே பெயரையும் அம்பு துளைத்த இதயத்தையும் கீறுகிறவர்கள், நம் காம்பவுண்டுக்கு மட்டும் மரியாதை காட்டுவார்கள் என்று எதிர்பார்க்கலாகாது.

காமிராவைப் பற்றி நாலு வார்த்தை போதும். கேட்டைப் பார்த்து வையுங்கள், எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து வைக்காதீர்கள். பிந்தியது புதிய விரோதத்துக்கு அஸ்திவாரம். மின்சாரம் போனாலும் ஓடும்படி சிறு யு.பி.எஸ். வேண்டும். பதிவு சில நாட்களில் தானே அழிந்து மேலெழுதப்படும். ஆதலால் சம்பவம் தெரிந்த அன்றைக்கே நகல் எடுக்கவேண்டும். நீதிமன்றத்தில் அது ஏற்கப்பட, பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு கோருகிற சான்றிதழும் வேண்டும்.

இதுவரை சொன்னது ஒரு தனி மனிதனின் கைச்சேட்டையைப் பற்றியது. இவ்வூர்கள் அதற்கு மேற்பட்டவற்றையும் கண்டிருக்கின்றன. 1978 ஜூலையில் விழுப்புரம் கடைத்தெருவில் மூண்ட ஒரு தகராறு, வீடுகள் எரிந்து, தாழ்த்தப்பட்ட மக்கள் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டதில் போய் முடிந்தது. 1987 செப்டம்பரில் வன்னியர் இடஒதுக்கீட்டுக்காக நடந்த ஒரு வார மறியலில் மரங்கள் சாலைகளில் விழுந்து போக்குவரத்து ஸ்தம்பித்தது. அப்போது உயிர்நீத்த இருபத்தொருவருக்கு வழுதரெட்டியில் இன்று மணிமண்டபம் நிற்கிறது. 2013 ஏப்ரலில் மரக்காணத்தில் வீடுகள் எரிந்தன. அதைத் தொடர்ந்து ஓர் அரசியல் தலைவர் கைதானபோது வட மாவட்டங்களில் பேருந்துகள் கல்லடி பட்டன. இவற்றைச் 'சேதம்' என்ற சிறு சொல்லால் அழைப்பதே பிழை. இவற்றுக்கு இந்நூலில் மருந்தில்லை. ஆனால் அவற்றை நினைவில் வைத்திருக்கிற ஊரார் ஒன்று செய்யலாம். எங்கோ ஒரு கண்ணாடி உடைந்தால், விசாரிக்குமுன்பே 'காலனிப் பையன்கள்தான்' என்றோ, 'வடக்கத்தி ஆட்கள்தான்' என்றோ டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் தீர்ப்பு எழுதுகிற வழக்கத்தை நிறுத்தலாம். அந்தத் தீர்ப்பு உடைக்கக்கூடியது கண்ணாடியைவிட விலை அதிகமானது. பதற்றமான நாட்களில் வண்டியைப் பிரதான சாலையிலிருந்து எடுத்து உட்தெருவில் வைப்பதும், கொடியோ கட்சி ஸ்டிக்கரோ ஜாதிப் பெயரோ இல்லாத வண்டியாக வைத்திருப்பதும் புத்திசாலித்தனம்.

இத்தகைய காலத்துக்கென்றே 1992இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. முதலில் பொதுச் சொத்தை மட்டும் காத்த அதனை 1994இல் திருத்தித் தனியார் சொத்துக்கும் விரித்தார்கள். சேதப்படுத்தியவனுக்கு ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டுவரை சிறையும், நஷ்டத்தை வசூலிக்கும் வழியும் அதிலே உண்டு. 2013 சம்பவங்களுக்குப் பின் அரசு இழப்பீடு வசூலிக்க முற்பட்டது இதன்படியே.

சாதாரணக் கீறலுக்கு வருவோம். முதலில் உங்கள் தெரு எந்தக் காவல் நிலையத்தைச் சேர்ந்தது என்று அமைதியான நாளிலேயே தெரிந்து வையுங்கள். விழுப்புரத்தில் நகரம், மேற்கு, தாலுகா என்றும், திண்டிவனத்தில் நகரம், ரோசனை என்றும் எல்லைகள் பிரிகின்றன. வண்டியை நகர்த்துமுன் படம் எடுத்து, அன்றே டிங்கரிங் கடையில் எழுத்து மூலம் செலவு மதிப்பீடு வாங்கவேண்டும். இந்த மதிப்பீடு வெறும் சம்பிரதாயமன்று. 2024 ஜூலை 1 முதல் அமலிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவு, நஷ்டத்தின் அளவைக்கொண்டே தண்டனையை வகுக்கிறது. பொதுவாக ஆறு மாதம் வரை சிறை. நஷ்டம் இருபதாயிரம் ரூபாயை எட்டினால் இரண்டாண்டு வரை. ஒரு லட்சத்தை எட்டினால் ஐந்தாண்டு வரை. லட்சத்துக்குக் குறைந்தால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவில்லாமல் போலீசார் புலன்விசாரணை செய்ய இயலாது; எனவே நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போடவில்லையே என்று மனம் கசந்து திரும்பாமல், சி.எஸ்.ஆர். ரசீதையாவது கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். அந்த ரசீது கையிலிருந்து, செய்தவரும் யாரென்று தெரிந்திருந்தால், நாலு பெரியவர்களை வைத்துச் செலவை வாங்கிக்கொண்டு சமாதானமாவதே மேல். அடுத்த இருபது வருஷமும் அதே தெருவில்தானே இருக்கப்போகிறோம்!

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் பாலிசி நம் வண்டியின் கீறலுக்கு ஒரு காசும் தராது. சொந்தச் சேதத்தையும் ஏற்கும் பாலிசியே கலவரத்தையும் விஷமச் செயலையும் ஏற்கும். கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி பிடிப்பார்கள். 1500 சி.சி. வரையுள்ள காருக்கு முதல் ஆயிரம் ரூபாய் நம்முடையது. வீட்டுக்கு 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியும் விஷமச் சேதத்தை ஏற்கிறது.

ஆனால் கோரிக்கை எழுதுமுன் ஒரு கணக்குப் போடவேண்டும். மூன்று வருஷம் கோரிக்கையின்றி 35 சதவீதப் போனஸ் கழிவு பெறுகிறவருக்கு அடுத்த முறை 45 சதவீதம் வரவேண்டும். சொந்தச் சேதப் பிரிமியம் எட்டாயிரம் என்றால் அது 3,600 ரூபாய். நாலாயிரம் ரூபாய்க் கீறலுக்குக் கோரினால் கைக்கு வருவது அதிகபட்சம் மூவாயிரம். கழிவோ முழுவதும் போய்ப் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஏறவேண்டும். கோரவேண்டாம் என்று தீர்மானித்தவர், அதற்காக வேலையையும் ஒத்திப்போடக்கூடாது. கோடு தகடுவரை இறங்கியிருந்தால், மரக்காணம் உப்பளங்களின் பக்கமிருந்து காற்று வருகிற ஊரில், ஐப்பசி மழை தொடங்குவதற்குள் பிரைமராவது அடித்துவிடவேண்டும். இல்லையேல் சாவிக்காரன் விட்ட இடத்திலிருந்து துரு ஆரம்பிக்கும்.